கட்சி கலைந்த பிறகும் நின்றவர்: பி.டி. ராஜன்
(அல்லிநகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உங்களிடம் ஒரு கேள்வி. நம் தேனிச் சீமையிலிருந்து கோட்டைக்குப் போன முதல் முதலமைச்சர் யார்? ஆண்டிபட்டி என்றதும் 1984-ல் அங்கே நின்று ஜெயித்த எம்.ஜி.ஆர். நினைவுக்கு வருவார். அதே ஆண்டிபட்டியில் 2002-ல் ஜெயலலிதா நின்றார். பெரியகுளத்துக்காரர் ஓ. பன்னீர்செல்வம் 2001-ல் முதலமைச்சர் ஆனார். இதெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1936-ல், வடக்கே விசாகப்பட்டினத்திலிருந்து மேற்கே மலபார் வரைக்கும், தெற்கே திருநெல்வேலி வரைக்கும் பரந்து கிடந்த சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரியாக இருந்தவர் நம் உத்தமபாளையத்துக்காரர். இங்கிருந்து பஸ் ஏறினால் வீரபாண்டி, சின்னமனூர் தாண்டி ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். அந்த ஊர்க்காரர்தான் பொன்னம்பல தியாகராஜன். ஊர் உலகம் அறிந்த பெயர் பி.டி. ராஜன். மதுரைக்காரர்கள் தமிழவேள் என்று அழைத்தார்கள்.

இன்று அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நாடு விடுதலை பெறுவதற்கு முன்னும் பின்னுமாக ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கை எப்படிப் போயிற்று, எங்கே உயர்ந்தது, எங்கே சறுக்கியது, எல்லாம் போன பிறகு மிச்சமாக நின்றது எது என்பதே என் பேச்சின் பொருள்.

1892-ல் பிறந்தவர். நிலபுலம் உள்ள செல்வக் குடும்பம். சின்ன வயதிலேயே கப்பலேறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் லேஸ் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டில் ஜீசஸ் கல்லூரி, அதன் பிறகு பாரிஸ்டர் படிப்பு. போடி வரைக்கும் ரயில் வந்ததே 1928-ல்தான். அதற்குப் பல ஆண்டு முன்பே ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ஓர் இளைஞர் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிப் படித்து வந்தவர் வெள்ளைக்காரனிடம் பெரிய உத்தியோகம் தேடிப் போயிருக்கலாம். அவர் போனது நீதிக்கட்சிக்கு.

நீதிக்கட்சி என்றால் என்ன? பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1916-ல் சென்னையில் பிட்டி தியாகராயரும் டி.எம். நாயரும் நடேச முதலியாரும் சேர்ந்து உண்டாக்கிய அமைப்பு. படிப்பிலும் உத்தியோகத்திலும் பிராமணரல்லாதாருக்கு உரிய பங்கு வேண்டும் என்று கேட்ட கட்சி. 1920-ல் சட்டசபைத் தேர்தல் வந்தது. காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்க வேண்டிய 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குப் போயின. அந்தச் சபைக்குள் நுழைந்த இளம் உறுப்பினர்களில் ஒருவர் பி.டி. ராஜன். இருபத்தெட்டு வயது!

அந்த ஆட்சி என்ன செய்தது? 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. இந்தியாவில் வேறெந்த மாகாணமும் அதுவரை தராதது. வகுப்புவாரி உரிமைக்கு அரசாணை போட்டது. கோயில் சொத்துக்களைக் கணக்குக்குக் கொண்டுவரும் இந்து அறநிலையச் சட்டத்துக்கு வழி செய்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டதும் அந்தக் கட்சியின் தலைவர் தியாகராயர் காலத்தில்தான். இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தட்டு ஏந்தி உட்காருகிறார்களே, அதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய வேர் இருக்கிறது.

ஆனால், பெரியோர்களே, ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு நான் மேலே போக முடியாது. 1920-ல் யார் ஓட்டுப் போட்டார்கள்? மாகாணத்தில் நாலு கோடி மக்கள். ஓட்டுரிமை இருந்தது சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. நிலம் இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், சொத்து இருக்க வேண்டும். கூலிக்காரனுக்கு ஓட்டு உண்டா? கிடையாது. குத்தகைக்கு உழுத ஏழைக்கு? கிடையாது. அவன் பொண்டாட்டிக்கு? கேட்கவே வேண்டாம்.

அதே 1920-ல், ஏப்ரல் 3-ஆம் தேதி, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டிச் சீமையில் பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது? பதிவுப் புத்தகத்தில் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்து விழுந்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம்! பிறந்த சாதிக்காகவே ஒரு மனிதனைக் குற்றவாளி என்று பதிவு செய்து, ராத்திரியானால் ஊர்ச் சாவடிக்கு வந்து படு என்று சொன்ன சட்டம். கம்பம் பள்ளத்தாக்கிலும் அந்தச் சட்டத்தின் கை நீண்டது. உங்களில் பலருடைய பாட்டன் பூட்டன் அந்த ரேகைப் புத்தகத்தில் இருந்திருப்பார்கள்.

ஒரே மண். ஒரே ஆண்டு. ஒரு பக்கம் சட்டசபைக்குப் போன ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி, இன்னொரு பக்கம் ரேகைக்கு மறுத்துச் செத்த உழவர்கள். போலீஸ் இலாகா அன்று மந்திரிகள் கையில் இல்லை, கவர்னர் கையில் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் நீதிக்கட்சியின் காலம் முழுவதும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது என்பதும் உண்மைதான். அது ஒழிந்தது 1947-ல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் காலத்து அரசியலின் முழு உருவம் தெரியும்.

இனி அவர் மந்திரியான கதைக்கு வருகிறேன். 1930-ல் முனுசாமி நாயுடு அமைத்த மந்திரிசபையில் ராஜன் வளர்ச்சித் துறை மந்திரி. கட்சிக்குள் அப்போது பெரிய பிளவு. ஒரு பக்கம் நாயுடு, மறுபக்கம் ஜமீன்தார்கள். 1932-ல் ராஜனும் குமாரசாமி ரெட்டியாரும் பதவி விலக, நாயுடுவின் மந்திரிசபை கவிழ்ந்தது. பொப்பிலி ராஜா வந்தார். அவர் மந்திரிசபையிலும் ராஜன் இருந்தார். என் கணிப்பில் அவர் வாழ்க்கையில் சறுக்கிய இடம் இதுதான். நடுத்தர வர்க்கத்துத் தலைவரை இறக்கி ஜமீன்தார் ராஜாவை ஏற்றியதற்குக் கட்சி ஐந்தே வருடத்தில் விலை கொடுத்தது. 1936 ஏப்ரலில் பொப்பிலி ராஜா வெளிநாடு போக, அவர் இடத்தில் ராஜன் முதல் மந்திரி ஆனார். ஆகஸ்ட் வரைக்கும். ஐந்து மாதத்துக்கும் குறைவு. அதனால்தானோ என்னவோ நம் நினைவிலிருந்து அவர் நழுவிவிட்டார்.

1937 தேர்தல் வந்தது. 215 இடங்களில் காங்கிரசுக்கு 159, நீதிக்கட்சிக்குப் பதினெட்டு! பொப்பிலி ராஜா தன் சொந்தச் சீமையிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார். 1920-ல் எழுந்த கோட்டை ஒரே தேர்தலில் சரிந்தது. பட்டமும் பல்லக்கும் வைத்திருந்தவர்கள் பலர் அதோடு அரசியலை விட்டே ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான், நண்பர்களே, என் மனதுக்குப் பிடித்த பி.டி. ராஜன் ஆரம்பிக்கிறார்.

1938-ல் பெரியார் சிறையில் இருந்தபடியே நீதிக்கட்சித் தலைவரானார். இந்தி எதிர்ப்பு காலம். கட்சியின் முகமே மாறியது. கோட்டையிலிருந்து தெருவுக்கு வந்தது. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாடு. அண்ணாவின் பெயரால் தீர்மானம். நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. அரசாங்கம் கொடுத்த பட்டங்களை விடுங்கள், கௌரவப் பதவிகளை விடுங்கள், பெயருக்குப் பின்னால் இருக்கிற சாதியை விடுங்கள் என்றது மாநாடு. சரித்திரம் அந்தப் பக்கம்தான் போயிற்று. அதில் சந்தேகமே இல்லை. பெரியார் செய்யாவிட்டால் அந்தக் கட்சி ஜமீன்தார்களோடு சேர்ந்தே செத்திருக்கும்.

ஆனால் சிலர் அந்தப் பக்கம் போகவில்லை. பழைய பெயரிலேயே நீதிக்கட்சியை வைத்துக்கொண்டார்கள். முதலில் ராமச்சந்திர ரெட்டி தலைவர். அடுத்து அந்தச் சுமை பி.டி. ராஜன் தோளுக்கு வந்தது. ஏன் போகவில்லை? அவர் ஆழ்ந்த பக்தர். கடவுள் இல்லை என்று சொல்கிற மேடையில் அவரால் எப்படி உட்கார முடியும்? 1950-ல் சபரிமலைக் கோயில் தீக்கு இரையான பிறகு, புதிய ஐம்பொன் திருமேனி அமைந்த திருப்பணியில் முன்னின்றவர் அவர். அந்தத் திருமேனி தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாக வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்கு 1963-ல் குடமுழுக்கு நடந்ததே, அந்தத் திருப்பணியிலும் அவர் உழைப்பு இருக்கிறது. பிராமணரல்லாதார் உரிமைக்குப் போராடிய மனிதர், அதே நேரம் கோயில் கோபுரத்தைத் தலைமேல் தாங்கிய மனிதர். இன்றைக்கு நம்மில் பலர் இந்த இரண்டும் ஒருவரிடம் சேராது என்று நினைக்கிறோம். அவரிடம் சேர்ந்து இருந்தது.

நாடு விடுதலை அடைந்தது. எல்லோருக்கும் ஓட்டு என்றது அரசியல் சட்டம். 1952-ல் முதல் பொதுத்தேர்தல்.

அந்தத் தேர்தல் எப்படி நடந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? இப்போது மாதிரி இயந்திரம் இல்லை. ஒரே சீட்டில் எல்லார் பெயரும் சின்னமும் இல்லை. திரைக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். பெட்டி மேல் அவரவர் சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் விரலில் மை வைத்துக்கொண்டு, கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், தனக்குப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். சொத்து வேண்டாம். வரி வேண்டாம். இருபத்தொரு வயது போதும். ரேகைப் புத்தகத்தில் கட்டைவிரலை உருட்டிய அதே சனம், ஐந்தே வருடம் கழித்து, விரலில் மை வைத்து ராஜாங்கத்தை நிர்ணயிக்க வரிசையில் நின்றது. இந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய நாள் எது?

அந்தத் தேர்தலில் நீதிக்கட்சி ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் நின்றது. ஜெயித்தது ஒன்றே ஒன்று. கம்பம். ஜெயித்தவர் பி.டி. ராஜன்.

யோசித்துப் பாருங்கள். 375 பேர் உள்ள சபை. காங்கிரசுக்கு 152. கம்யூனிஸ்டுகள் அறுபதுக்கும் மேலே. நீதிக்கட்சிக்கு ஒருவர். ஒரு காலத்தில் அந்தச் சபையையே ஆண்ட கட்சிக்கு ஒருவர்! முதல் மந்திரியாக இருந்தவர், கட்சிக்காரர் என்று பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் போய் உட்கார்ந்தார். எதிரே முதலில் ராஜாஜி, பிறகு காமராஜர்.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. பன்னிரண்டரை லட்சம் பேருக்கு மட்டும் ஓட்டு இருந்த காலத்தில் உள்ளே போனவர், எல்லோருக்கும் ஓட்டு வந்தபோது காணாமல் போயிருக்க வேண்டும். அவர் வர்க்கத்து மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போனார்கள். இவர் போகவில்லை. கூலிக்காரர்களும், பெண்களும், முதல்முறை ஓட்டுப் போட வந்தவர்களும் சேர்ந்த கூட்டத்திடம் போய், செத்துப்போனதாகக் கருதப்பட்ட ஒரு கட்சியின் பெயரில் ஓட்டுக் கேட்டு, வாங்கினார். பரம்பரைச் செல்வாக்கு என்று சொல்வீர்கள். இருந்திருக்கும். ஆனால் பொப்பிலி ராஜாவுக்கு இல்லாத பரம்பரையா? 1937-லேயே அது அவரைக் காப்பாற்றவில்லையே!

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் தூரம் கூட்டிப்போகிறேன். மேற்கு ஆப்பிரிக்கா. அன்று அதற்குப் பெயர் கோல்டு கோஸ்ட், இன்று கானா. அங்கே ஜே.பி. டான்குவா என்று ஒருவர். 1895-ல் பிறந்தவர். நம் ராஜனைவிட மூன்று வயது சின்னவர். அவரும் பாரிஸ்டர், அவரும் லண்டனில் படித்தவர். 1947-ல் தன் நாட்டு விடுதலைக்கு ஒரு கட்சி தொடங்கினார். கட்சி வேலை பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு துடிப்பான இளைஞரை வரவழைத்தார்கள். அந்த இளைஞர் குவாமே நிக்ருமா. இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1949-ல் நிக்ருமா பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டார். சாதாரண சனம் அவர் பின்னால் போயிற்று. டான்குவா 1954-லும் 1956-லும் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். நாட்டுக்குக் கானா என்ற பழம்பெயரைச் சூட்ட வேண்டும் என்று வாதாடிய மனிதர், 1957 மார்ச் 6-ல் அந்த நாடு விடுதலை பெற்றபோது சட்டசபையில் இல்லை. 1960-ல் நிக்ருமாவை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். நிக்ருமாவுக்குப் பத்து லட்சம் ஓட்டுக்கு மேல், டான்குவாவுக்கு ஒன்றேகால் லட்சம்.

தோல்வி இருக்கட்டும். தோற்றவருக்கு என்ன நேர்ந்தது? தடுப்புக் காவல் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 1961-ல் ஒருமுறை சிறை. 1964-ல் மறுபடியும். 1965 பிப்ரவரி 4-ஆம் தேதி, விசாரணை இல்லாமல், நசவாம் சிறைக்குள்ளேயே டான்குவா இறந்தார். யாரை வரவழைத்து வளர்த்தாரோ, அவருடைய ஆட்சியில். அடுத்த வருடமே அந்த ஆட்சியையும் ராணுவம் கவிழ்த்தது.

இங்கேயும் படித்த மேல்தட்டுத் தலைவர்கள் இருந்தார்கள். இங்கேயும் கட்சி உடைந்தது. இங்கேயும் வெகுமக்கள் வேறு தலைவர் பின்னால் போனார்கள். ஆனால் பி.டி. ராஜனைப் பிடித்து யாராவது சிறையில் போட்டார்களா? இல்லை. 1957 வரைக்கும் சபையில் இருந்தார். பிறகு கோயில், தமிழ், பொதுப்பணி என்று இருந்தார். 1967-ல் நீதிக்கட்சியின் வாரிசு நாங்கள் என்று சொல்லிக்கொண்டு தி.மு.க. ஆட்சிக்கு வந்ததையும் கண்ணால் பார்த்தார். 1968-ல் நீதிக்கட்சியின் பொன்விழா மலர் அவர் பொறுப்பில் வெளிவந்தது. கலைந்துபோன கட்சிக்குப் பொன்விழா! நேற்று ஜெயித்தவர்கள் எல்லாம் வேறு கொடியின் கீழே நிற்கும்போது, அந்தப் பழைய பெயரை அச்சில் ஏற்றிவிட்டு, 1974 செப்டம்பர் 25-ல் கண் மூடினார்.

தனி மனிதருடைய குணம் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தோற்றவரும் ஊரில் மரியாதையோடு நடமாடலாம் என்று ஒரு பண்பாட்டை இந்த நாட்டு மக்களும் தலைவர்களும் சேர்ந்து காப்பாற்றினார்கள். ஜெயித்தவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். தோற்றவர்களும் காப்பாற்றினார்கள். இதில் தோற்றவர்களின் பங்கைத்தான் நாம் பேசுவதில்லை.

ஒவ்வொரு வருடமும் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் வரும்போது பேப்பரில் ஒரு செய்தி போடுவார்கள். பி.டி. ராஜன் கால்வாயிலும் தந்தை பெரியார் கால்வாயிலும் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது என்று. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நனைகிறது. 1944-ல் ஆளுக்கொரு திசையில் பிரிந்த இரண்டு பேரும் ஒரே அரசாணையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்தத் தண்ணீரில் நடவு நடுகிற பெண்களுக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. ஆனால் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிய வேண்டாமா? பி.டி.ஆர். கால்வாய் என்று தினமும் சொல்கிறோம். அந்த மூன்று எழுத்துக்குள் இருக்கும் ஆள் யார் என்று கேட்டால், பாதிப்பேர் அவர் மகன் பழனிவேல்ராஜனைச் சொல்கிறார்கள், 1996 முதல் 2001 வரை சபாநாயகராக இருந்தாரே, அவரை. இளைஞர்கள் பேரனைச் சொல்கிறார்கள், நிதியமைச்சராக இருந்தவரை. பாட்டனாரைச் சொல்ல ஆள் இல்லை.

அதனால் இந்த மேடையிலிருந்து இரண்டு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. 1920 முதல் 1937 வரைக்கும், 1952 முதல் 1957 வரைக்கும் அவற்றில் ராஜன் பேசியதையும், கம்பம் பள்ளத்தாக்கு பற்றி யார் பேசியிருந்தாலும் அதையும் பிரித்து எடுத்துத் தமிழில் கொண்டுவர வேண்டும். உத்தமபாளையத்திலும் தேனியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. சரித்திரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வருடத்துக் குறிப்பை எடுத்துக்கொண்டால் ஒரு கோடை விடுமுறையில் பெரும்பகுதி முடிந்துவிடும். அதில் அவருக்குப் பெருமை சேர்ப்பதும் இருக்கும், சேர்க்காததும் இருக்கும். குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றி யார் வாய் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பதும் அதில் இருக்கும். இரண்டையும் அப்படியே அச்சடியுங்கள்.

அடுத்தது அவசரம். 1952-ல் இருபத்தொரு வயதில் கம்பம் தொகுதியில் ஓட்டுப் போட்டவர்களுக்கு இன்று தொண்ணூறுக்கு மேலே. நம் ஊர்களில் இன்னும் சிலர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளே, கையில் போன் வைத்திருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தாவையோ அப்பத்தாவையோ தேடிப் போங்கள். எந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர் வாசலில் நின்று என்ன சொன்னார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவுகளைக் கூட்டம் நடத்தும் இந்த மன்றத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.